பெயரற்ற செயற்கூறும் சுருக்கத்தின் எல்லையும்

1. பொருளும் இடமும்

ஒரு நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது என்ற இரு கேள்விகளும் கணினி தோன்றிய நாள் முதல் கேட்கப்பட்டு வருபவை. அதே நிரலை எத்தனை குறைந்த எழுத்துகளில் எழுதி முடிக்கலாம் என்ற மூன்றாவது கேள்வி 1990-களின் இறுதியில் பெர்ல் மொழி நிரலர்களிடையே ஒரு போட்டியாக உருப்பெற்றது. குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவரே வெல்லும் கோல்ஃப் ஆட்டத்தின் கணக்கு இதற்கும் பொருந்தியதால் அது ‘கோட் கோல்ஃப்’ என்று அழைக்கப்படலாயிற்று. இப்போட்டியில் விடை சரியாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. சரியான விடைகளுள் மிகக் குறைந்த பைட்டுகளைக் கொண்டதே வெற்றி பெறும். பைட் என்பது எட்டு இருமக் குறிகள் சேர்ந்த சேமிப்பு அலகு. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஒவ்வொன்றும் ஒரு பைட் இடம் கொள்ளும்.

இப்பொருளைக் கேளம்பாக்கத்தில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையில் இவ்வூருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில், தன் அஞ்சல் முகவரியில் கேளம்பாக்கம் என்ற பெயரையே தாங்கி நிற்கும் சென்னை கணிதவியல் கழகம், இளநிலை மாணவர்களுக்கு நிரலாக்கத்தை ஹாஸ்கெல் என்ற மொழியில் தொடங்கிக் கற்பிக்கும் வழக்கத்தைக் கொண்டுள்ளது. கணிதவியலாளர் சி.எஸ்.சேஷாத்ரி 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பிரிவாகத் தொடங்கி வளர்த்து, 2005-இல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்த இந்நிறுவனத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்தும் எஸ்.பி.சுரேஷும் ஹாஸ்கெல் பற்றி நடத்திய பாடங்கள் என்.பி.டி.ஈ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் வழியாக நாடெங்கும் உள்ள மாணவர்களைச் சென்றடைந்தன. பெயரில்லாத செயற்கூறு, அதாவது லாம்ப்டா, அம்மொழியின் அடித்தளத்திலேயே இருப்பது. மறுபுறம், தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் பைத்தான் செயற்கூறுகளைப் பற்றிய பாடத்தில் லாம்ப்டாவைச் சேர்த்துள்ளது. ஆகவே இவ்வட்டாரத்தின் பள்ளி மாணவரும் ஆய்வு மாணவரும் ஒரே கருத்தை இரு வேறு உயரங்களில் சந்திக்கின்றனர்.

லாம்ப்டா நிரலை ஏன் சுருக்குகிறது, எங்கே சுருக்காமல் போகிறது, அச்சுருக்கத்துக்கு எல்லை உண்டா என்பவை இச்சொற்பொழிவு ஆராயும் மூன்று கேள்விகள். எழுதுபவரும் படிக்கும் பொறியும் முன்பே பகிர்ந்துகொண்டிருக்கும் அறிவை மட்டுமே ஒரு நிரலில் சொல்லாமல் விட முடியும் என்பதும், எனவே சுருக்கப்பட்ட ஒவ்வொரு நிரலும் சொல்லாமல் விட்ட ஒரு நம்பிக்கையின் மீது நிற்கிறது என்பதும் இங்கே நிறுவப்படும் கருத்து.

2. லாம்ப்டாவின் பிறப்பு

செயற்கூறு என்பது உள்ளீட்டைப் பெற்று, வரையறுத்த விதிப்படி வெளியீட்டைத் தரும் நிரல்பகுதி. ஓர் எண்ணைப் பெற்று அதன் வர்க்கத்தைத் தருவது எளிய எடுத்துக்காட்டு. கணித நூல்களில் இத்தகைய சார்புக்கு முதலில் ஒரு பெயரிட்டு, பின்பு அப்பெயரைக் கொண்டே அதைக் குறிப்பிடுவது மரபு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலோன்சோ சர்ச், கணிதத்தின் அடிப்படைகளை ஆராயும் நோக்கில் 1930-களின் தொடக்கத்தில் உருவாக்கிய லாம்ப்டா நுண்கணிதத்தில் அம்மரபு கைவிடப்பட்டது. எந்த மாறி உள்ளீட்டைக் குறிக்கிறது என்பதை லாம்ப்டா என்னும் கிரேக்க எழுத்தால் சுட்டி, அதன்பின் விதியை எழுதினால், பெயர் எதுவும் இல்லாமலேயே செயற்கூறு முழுமை பெற்றுவிடும். மாறி, மாறியைக் கட்டும் லாம்ப்டா, ஒன்றை மற்றொன்றின் மீது செலுத்துதல் ஆகிய மூன்றே உறுப்புகள் கொண்ட இம்முறையால், கணக்கிட முடிந்த அனைத்தையும் கணக்கிட முடியும் என்பது 1936-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாயிற்று.

கணிதத்திலிருந்து நிரலாக்கத்துக்கு இக்கருத்தைக் கொண்டுவந்தவர் ஜான் மெக்கார்த்தி. 1958-இல் எம்.ஐ.டி.-யில் அவர் வடிவமைக்கத் தொடங்கி 1960-இல் கட்டுரையாக வெளியிட்ட லிஸ்ப் மொழியில் லாம்ப்டா அதே பெயரோடு இடம்பெற்றது. 1994-இல் வெளிவந்த பைத்தான் 1.0 அதை ஏற்றது; 2011-இல் சி++, 2014-இல் ஜாவா, 2015-இல் அம்புக்குறி வடிவில் ஜாவாஸ்கிரிப்ட் என்று பரவலாகப் புழங்கும் மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் வந்தன. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம், அம்மொழியின் மூன்றாம் பதிப்பிலிருந்து லாம்ப்டாவை நீக்கிவிடலாம் என்று 2005-இல் முன்மொழிந்ததும், பலரது எதிர்ப்புக்குப் பின் அது நிலைத்ததும் மொழியின் வரலாற்றில் பதிவானவை.

3. பைத்தானில் ஒரு கணக்கு

சுருக்கத்தின் அளவை அறிய, வர்க்கம் காணும் செயற்கூற்றைப் பைத்தானில் எழுதி எண்ணிப் பார்ப்பதே நேர்வழி. முதலில், நிரலே உள்ளீட்டைப் பெற்று விடையை அச்சிட வேண்டும் என்று கொண்டால், உள்ளிடு, எண்ணாக்கு, இருமடிப் பெருக்கு, அச்சிடு என்ற நான்கு செயல்களையும் ஒரே வரியில் அடுக்கினாலும் 22 பைட்டுகள் ஆகும். செயற்கூறாகவே தந்தால் போதும் என்று விதி இடம்கொடுத்தால், பெயரிட்டு வரையறுக்கும் வழக்கமான வடிவம் 19 பைட்டுகளிலும், லாம்ப்டா வடிவம் 12 பைட்டுகளிலும் முடிந்துவிடும்.

இந்த 19-க்கும் 12-க்கும் இடையிலுள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துக் காண வேண்டும். பெயரிட்ட வடிவில், வரையறையைத் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிப்புச் சொல், ஓர் இடைவெளி, ஓரெழுத்துப் பெயர், இரண்டு அடைப்புக்குறிகள், விடையைத் திருப்பி அனுப்பும் ஆறெழுத்துக் குறிப்புச் சொல், மீண்டும் ஓர் இடைவெளி என 14 பைட்டுகள் சட்டகத்துக்கே போய்விடுகின்றன. எஞ்சிய ஐந்தில் ஒன்று மாறி, ஒன்று முக்காற்புள்ளி, மூன்று விதி. லாம்ப்டா வடிவில் ஆறெழுத்துக் குறிப்புச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகச் சட்டகம் 7 பைட்டுகளாகச் சரிபாதி குறைகிறது. மாறியும் விதியும் அப்படியே இருக்கின்றன. கணக்கிடும் வேலையில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. குறைந்தவை பெயரும், விடையைத் திருப்பி அனுப்பு என்ற கட்டளையும். லாம்ப்டாவுக்குள் ஒரே ஒரு கோவை மட்டுமே இருக்க முடியும் என்பதால், அக்கோவையின் மதிப்பே விடை என்பதைப் பொறி தானே அறியும். ஆகவே அக்கட்டளையை எழுத வேண்டியதில்லை.

அதே விதி லாம்ப்டாவின் கையையும் கட்டுகிறது. கோவை என்பது மதிப்பைத் தரும் தொடர். கட்டளை என்பது செயலைச் செய்யும் தொடர். சுழல், நிபந்தனைக் கட்டளை, சாதாரண மதிப்பிருத்தல் ஆகியவை கட்டளைகளாதலால் பைத்தான் லாம்ப்டாவுக்குள் நுழைய முடியாது. இடைக்கால மதிப்பு ஒன்றைச் சேமித்து இருமுறை பயன்படுத்த விரும்புபவர், உள்ளே இன்னொரு லாம்ப்டாவை எழுதி அதன்மேல் அம்மதிப்பைச் செலுத்துவார்; அல்லது முன்னிருப்பு மதிப்புடைய கூடுதல் மாறியொன்றைச் சேர்த்துக்கொள்வார். 2019-இல் வெளிவந்த பைத்தான் 3.8, கோவைக்குள்ளேயே மதிப்பிருத்தும் குறியைத் தந்தபோது இத்தந்திரங்களுள் பல தேவையற்றுப் போயின. அக்குறியைச் சேர்ப்பது பற்றி எழுந்த கடும் விவாதத்தின் பின்னரே 2018 ஜூலையில் வான் ரோசம் மொழியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார் என்பதிலிருந்து, ஒரு சிறு குறி எத்தனை பெரிய கருத்துவேறுபாட்டை எழுப்பக்கூடும் என்பது விளங்கும்.

சுழல் இல்லாதபோது மறுநிகழ்வு, அதாவது செயற்கூறு தன்னையே அழைத்துக்கொள்ளும் முறை, அதன் இடத்தை நிரப்புகிறது. இங்கே பெயரின்மை முதன்முறையாகத் தடையாகிறது. பெயரில்லாத ஒன்று தன்னை எவ்வாறு அழைக்கும்? லாம்ப்டா நுண்கணிதத்தில், தன்னையே தனக்கு உள்ளீடாகத் தரும் நிலைப்புள்ளிச் சேர்ப்பி என்ற அமைப்பால் இதற்கு விடை உண்டு. எனினும் அவ்வமைப்பை எழுத ஆகும் செலவு, ஓரெழுத்துப் பெயரும் சமக்குறியுமாக இரண்டு பைட்டுகள் கொடுத்துப் பெயரிட்டுவிடுவதைவிட மிகுதி. ஆகவே கோல்ஃப் ஆடுபவர் காரணியப் பெருக்கம் போன்ற கணக்குகளில் பெயரிட்ட லாம்ப்டாவையே தேர்கிறார். 1 முதல் தரப்பட்ட எண் வரை பெருக்கும் அந்நிரல் இவ்வடிவில் 25 பைட்டுகளிலும், அதே விதி வழக்கமான வரையறையில் 30 பைட்டுகளிலும் அமையும்.

அந்த 25 பைட்டுகளுக்குள் இன்னொரு சிக்கனமும் மறைந்துள்ளது. எண் 1-ஐவிடச் சிறியதா என்ற ஒப்பீடும் மறுநிகழ்வும் ‘அல்லது’ என்ற தருக்கச் செயலியால் இணைக்கப்படுகின்றன. ஒப்பீடு மெய்யானால் பொறி அத்தோடு நின்று ‘மெய்’ என்ற மதிப்பையே விடையாகத் தரும். பைத்தானில் மெய் என்பது எண் 1-க்குச் சமமாதலால், அதைக் கொண்டு பெருக்கினாலும் கணக்கு பிழைபடுவதில்லை. ஒப்பீட்டிலுள்ள எண் 1-ஐயும் அடுத்து வரும் செயலியையும் இடைவெளியின்றி ஒட்டி எழுதுவதால் மேலும் ஒரு பைட் மிஞ்சுகிறது. ஆனால் பைத்தான் 3.12 முதல் இவ்வாறு ஒட்டி எழுதினால் பொறி எச்சரிக்கை விடுக்கிறது.

4. அம்புக்குறியும் ஷோன்ஃபிங்கெலின் வழியும்

ஜாவாஸ்கிரிப்ட் மொழி மாறிகளின் பெயர்களில் தமிழ் எழுத்துகளையும் ஏற்பதால், அதன் செயற்கூறுகளைத் தமிழிலேயே எழுதிக் காட்ட முடியும். வர்க்கம் காணும் செயற்கூறு அதில் இவ்வாறு அமையும்:

க=>க*க

அம்புக்குறிக்கு இடப்பக்கம் உள்ளது உள்ளீடு, வலப்பக்கம் உள்ளது விதி. ஆறே குறிகளில் முடிந்துவிடும் இவ்வடிவில் குறிப்புச் சொல்லுக்கும் இடமில்லை. லாம்ப்டா என்ற பெயருக்கே பைத்தானில் ஆறு பைட்டுகள் செலவாகும் நிலையில், இங்கே அம்புக்குறி அதை இரண்டில் முடித்துவிடுகிறது. காரணியப் பெருக்கத்தை எழுதினால், பெயரோடு சேர்த்தும் 17 குறிகளே ஆகும்:

ப=க=>க?க*ப(க-1):1

இரண்டு உள்ளீடுகள் வரும்போது வேறொரு வாய்ப்பு திறக்கிறது. இரண்டையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து ‘(க,ச)=>க+ச’ என்று எழுதினால் 10 குறிகள். முதல் உள்ளீட்டைப் பெற்று, இரண்டாவதை எதிர்பார்க்கும் புதிய செயற்கூறு ஒன்றைத் திருப்பித் தரும் வகையில் ‘க=>ச=>க+ச’ என்று எழுதினால் 9 குறிகள். பல உள்ளீடுகள் கொண்ட சார்பை ஒற்றை உள்ளீட்டுச் சார்புகளின் தொடராக மாற்றும் இவ்வழியை மோசஸ் ஷோன்ஃபிங்கெல் 1920-இல் கோட்டிங்கனில் ஆற்றி 1924-இல் அச்சான உரையில் விளக்கினார். பின்னர் அதை விரித்தெடுத்த ஹாஸ்கெல் கரியின் பெயரால் ‘கரியிங்’ என்று அது வழங்குகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தருக்கவியல் கருத்து இங்கே ஒரு பைட்டைச் சேமித்துத் தருகிறது. ஆனால் உள்ளீடுகள் மூன்றானால் இரு வடிவங்களின் முகப்பும் ஒன்பது ஒன்பது குறிகளாகச் சமமாகிவிடும். நான்கானால் தொடர்வடிவம் 12, அடைப்பு வடிவம் 11 என்று நிலைமை தலைகீழாகும். எந்தத் தந்திரமும் எல்லா அளவுக்கும் பொருந்துவதில்லை என்பதைக் கோல்ஃப் ஆடுபவர் இத்தகைய கணக்குகளின் வழியே கற்கிறார்.

5. ஹாஸ்கெல்: மாறியையும் விடுதல்

கரியின் முதற்பெயரையே தாங்கி, 1990-இல் முதல் வரையறை வெளிவந்த ஹாஸ்கெல் மொழியில் வர்க்கச் செயற்கூறு ‘\க->க*க’ என்று அமையும். இடச்சாய்வுக் கோடு லாம்ப்டா எழுத்தின் உருவத்தை ஒத்திருப்பதால் அக்குறி தேர்ந்தெடுக்கப்பட்டது. இதன் நீளம் 7 குறிகள்; பெயரிட்டு ‘ப க=க*க’ என்று எழுதினாலும் 7 குறிகளே. இரண்டு உள்ளீடுகளுக்கும் இரு வடிவங்களும் 9, 9 என்று சமமாகவே நிற்கும். பைத்தானில் ஏழு பைட்டுகள் சேமித்துத் தந்த லாம்ப்டா இங்கே எதையும் சேமிப்பதில்லை. ஏனெனில் ஹாஸ்கெலின் பெயரிட்ட வரையறை முன்னமே சட்டகத்தை உதறிவிட்டது. பெயரின்மை தரும் பயன், பெயரிடுவதற்கு அந்தந்த மொழி வாங்கும் விலையைப் பொறுத்தது என்பது இதனால் உறுதியாகிறது.

ஹாஸ்கெலில் உண்மையான சேமிப்பு அடுத்த படியில் கிடைக்கிறது. பெயரை விட்டதுபோலவே மாறியையும் விட்டுவிட்டு, செயற்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்தே புதிய செயற்கூற்றைக் கட்டும் இம்முறையில், வர்க்கம் ‘(^2)’ என்று நான்கு குறிகளாகச் சுருங்கும். ஓர் எண் பட்டியலிலுள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டும் செயற்கூற்றை, லாம்ப்டாவுக்குள் லாம்ப்டா வைத்து முறையாக எழுதினால் ஆங்கில எழுத்துகளில் 22 குறிகள் ஆகும். மாறிகளை நீக்கினால் 11 குறிகளே எஞ்சும். அதை ஒலிப்படி தமிழில் எழுதினால் ‘சம்.மேப்(^2)’ என்று வரும். பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் வர்க்கத்தைச் செலுத்து, வந்ததைக் கூட்டு என்ற இரு செயல்களையும் நடுவிலுள்ள புள்ளி இணைக்கிறது. எந்தப் பட்டியல் என்பது சொல்லப்படவில்லை. எதைக் கொடுத்தாலும் அதுவே பட்டியல் என்பதால் சொல்லத் தேவையுமில்லை.

ஒரே உள்ளீடு இரண்டு இடங்களில் தேவைப்படும்போது மாறியை நீக்குவது கடினமாகிறது. அதற்காகவே ஷோன்ஃபிங்கெல் ஒரு சேர்ப்பியை வகுத்திருந்தார்: இரண்டு செயற்கூறுகளையும் ஓர் உள்ளீட்டையும் பெற்று, உள்ளீட்டை இரண்டாவது செயற்கூற்றின் வழியே மாற்றி, மாறாத உள்ளீட்டையும் மாறிய உள்ளீட்டையும் முதல் செயற்கூற்றுக்குச் சேர்த்துக் கொடுப்பது அதன் தொழில். ஹாஸ்கெலில் செயற்கூறுகளுக்கிடையே இடப்படும் ‘<*>’ என்ற குறி அதே தொழிலைச் செய்கிறது. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகப் படிக்கத்தக்க சொல்லா என்று சோதிக்கும் நிரல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சொல்லைத் திருப்பி, மூலச் சொல்லோடு ஒப்பிடு என்று லாம்ப்டாவில் எழுதினால் ஆங்கில எழுத்துகளில் 16 குறிகள். சேர்ப்பியைக் கொண்டு எழுதினால் 14 குறிகள். திருப்பும் செயற்கூற்றின் பெயரை மட்டும் ஒலிப்படி தமிழாக்கினால் அது இவ்வாறு நிற்கும்:

(==)<*>ரிவர்ஸ்

6. விகடகவி எழுப்பும் கேள்வி

இருபுறமும் ஒன்றாகப் படிக்கத்தக்க பாடலைத் தமிழ் இலக்கண மரபு மாலைமாற்று என்று அழைக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு விகடகவி. இச்சொல்லை மேற்கண்ட 14 குறி நிரலிடம் கொடுத்தால் ‘பொய்’ என்ற விடை வரும்.

காரணம், கணினி எழுத்தைச் சேமிக்கும் முறையில் உள்ளது. யூனிகோட் என்னும் உலகளாவிய எழுத்துக் குறியேற்றத்தில் ‘வி’ என்பது ஓர் எழுத்தாக வைக்கப்படவில்லை. ‘வ’ ஒரு குறியாகவும், இகரத்தின் மேல்விலங்கு மற்றொரு குறியாகவும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. ஆகவே ஐந்தெழுத்துச் சொல்லான விகடகவி, ஏழு குறிகளின் பட்டியலாகப் பொறிக்குள் நிற்கிறது. அதைத் திருப்பினால் விலங்கு முதலிலும் வகரம் அதன் பின்னும் வரும். மூலப் பட்டியலோ வகரத்தில் தொடங்குகிறது. முதற்குறியிலேயே ஒப்பீடு முறிந்துவிடும். ‘கனக’ என்ற சொல்லில் விலங்கு, கொம்பு, கால் எதுவும் இல்லாததால் அதே நிரல் ‘மெய்’ என்று சரியாகச் சொல்லும். ‘காக’ என்ற வடிவுக்கும் அது ‘மெய்’ என்றே சொல்லும். ககரம், கால், ககரம் என்ற மூன்று குறிகள் திருப்பினாலும் அவ்வாறே நிற்பதால், ‘கா’வும் ‘க’வும் வேறு வேறு எழுத்துகள் என்பது அதற்குத் தெரியாமல் போகிறது. சரியான சொல்லை மறுப்பதும் தவறான சொல்லை ஏற்பதும் ஆகிய இருவகைப் பிழைகளும் இந்த ஒரே நிரலில் அமைந்துள்ளன.

நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஒரு குறி ஓர் எழுத்து என்ற நம்பிக்கையை அது சொல்லாமல் தாங்கி நிற்கிறது. ஆங்கிலச் சொற்களுக்கு அந்நம்பிக்கை பொருந்துகிறது, தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்துவதில்லை. 16 குறிகள் கொண்ட லாம்ப்டா வடிவமும் இதே பிழையைச் செய்யும் என்றாலும், சொல்லைத் திருப்புவதும் ஒப்பிடுவதும் அதில் வெளிப்படையாகத் தெரிவதால், எதைத் திருப்புகிறது என்ற கேள்வியைப் படிப்பவர் எழுப்ப இடமுண்டு. மாறியும் மறைந்துவிட்ட வடிவில் அக்கேள்வியைத் தொடங்குவதற்குப் பற்றுக்கோடு இல்லை. தமிழுக்குச் சரியான விடை வேண்டுமானால், முதலில் குறிகளை எழுத்துகளாகத் தொகுத்துவிட்டுப் பின்பு திருப்ப வேண்டும். பைத்தானில் அதைச் செய்து தருவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் உள்ளது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 என்ற குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரே குறியாக வைக்கப்படுவதால், அப்படிச் சேமித்த பட்டியலின் மீது அதே 14 குறி நிரல் பிழையின்றி இயங்கும்.

7. நீளத்தை எதனால் அளப்பது

யூனிகோட் குறியேற்றம் போட்டியின் மதிப்பெண்ணையும் மாற்றுகிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவைப்படுவதால், ஆறு குறிகள் கொண்ட ‘க=>க*க’ 12 பைட்டுகளாகவும், 17 குறிகள் கொண்ட காரணியப் பெருக்க நிரல் 29 பைட்டுகளாகவும் விரிகின்றன; மாறிகளுக்கு ஆங்கில எழுத்தை இட்டால் முறையே 6, 17 என்றே நிற்கும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில் அச்சிடும் கட்டளை ‘பதிப்பி’. நான்கு எழுத்துகள், ஏழு குறிகள், 21 பைட்டுகள். எழுத்து, குறி, பைட் ஆகிய மூன்றில் எதை எண்ணுவது என்று முடிவுசெய்யாமல் எந்த நிரலின் நீளத்தையும் சொல்ல முடியாது.

நீளம் என்பது பொருளைச் சார்ந்ததன்று, பொருளை எழுதும் முறையைச் சார்ந்தது என்பதற்கு இக்கடற்கரையிலேயே கல்லில் சான்று உள்ளது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள பல்லவர் காலத்து அதிரணசண்டக் குடைவரையில் ஒரே வடமொழிக் கல்வெட்டு ஒரு சுவரில் கிரந்தத்திலும் மற்றொரு சுவரில் நாகரியிலும் வெட்டப்பட்டிருக்கிறது. செய்தி ஒன்றே, எழுத்தின் வடிவும் அது கொள்ளும் இடமும் வேறு.

இந்த உண்மையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவே கோல்ஃபுக்கென்று தனி மொழிகள் பிறந்தன. கோல்ஃப்ஸ்கிரிப்ட், ஜெல்லி போன்றவற்றில் அடிக்கடி தேவைப்படும் செயல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒற்றைக் குறி உண்டு. ஜெல்லி, 256 குறிகள் மட்டுமே கொண்ட தனக்கேயான குறிப்பட்டியலை வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு குறியும் ஒரே பைட்டில் அடங்கிவிடும். அதில் வர்க்கம் காண மேலெழுதிய 2 என்ற ஒற்றைக் குறி போதும், ஒரு பைட். 2013 ஜூலை வரை இயங்கிய இந்தியத் தந்திச் சேவையில் வாழ்த்து வாசகங்களுக்கு எண்கள் இருந்தன. அனுப்புபவர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுக்க, பெறுபவர் கையில் முழு வாசகமும் போய்ச் சேர்ந்தது. ஒற்றைக் குறி நிரலும் அவ்வாறே இரு முனைகளிலும் முன்பே இருக்கும் ஒரு பட்டியலைச் சார்ந்து குறுகியிருக்கிறது. செலவு மறையவில்லை, நிரலிலிருந்து மொழிக்கு இடம் மாறியிருக்கிறது. ஆகவேதான் ஒரு மொழியில் எழுதிய விடையை அதே மொழியில் எழுதிய விடையோடு மட்டுமே ஒப்பிடுவதை ஆட்டக்காரர்கள் நேர்மையாகக் கருதுகின்றனர்.

8. எட்ட முடியாத எல்லை

ஒரு நிரலை இதற்குமேல் சுருக்க முடியாது என்று எப்போது சொல்லலாம்? 1960-களில் சாலமனாஃப், கோல்மகோரோவ், சேட்டின் ஆகிய மூவரும் தனித்தனியே அணுகிய கேள்வி இது. ஒரு தரவை வெளியிடும் மிகக் குறுகிய நிரலின் நீளமே அத்தரவின் சிக்கல் அளவு என்று வரையறுத்து, மொழியை மாற்றினால் அவ்வளவு ஒரு மாறிலி அளவுக்குள்தான் மாறும் என்று அவர்கள் காட்டினர். ஒரு மொழியின் நிரலை மற்றொரு மொழியில் இயக்கும் மொழிமாற்றியின் நீளமே அம்மாறிலி.

இச்சிக்கல் அளவைக் கண்டுபிடிக்கும் பொதுவழி இருக்க முடியாது என்பதே இத்துறையின் மையமான முடிவு. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதை வெளியிடும் மிகக் குறுகிய நிரலின் நீளத்தைச் சொல்லும் செயற்கூறு ஒன்று உண்டென்று கொள்ளலாம். அதை உள்ளடக்கி, 1, 2, 3 என்று எண்களை வரிசையாகச் சோதித்து, பத்து லட்சம் பைட்டுகளுக்குக் குறைவான எந்த நிரலாலும் வெளியிட முடியாத முதல் எண்ணை அச்சிடும் நிரலை எழுதினால், அந்நிரலே பத்து லட்சம் பைட்டுகளுக்கு வெகு கீழே அமைந்துவிடும். அச்செயற்கூறு மிகப் பெரியதாக இருந்தால் பத்து லட்சத்துக்குப் பதில் இன்னும் பெரிய எண்ணை இடலாம். எல்லையைப் பெருக்கச் சில இலக்கங்களே செலவாகும். குறுகிய நிரலால் வெளியிட முடியாத எண்ணைக் குறுகிய நிரல் ஒன்று வெளியிட்டுவிட்டது என்பது முரண். ஆகவே அத்தகைய செயற்கூறு இல்லை.

இரண்டு நிரல்கள் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்று தீர்மானிப்பதற்கும் பொதுவழி கிடையாது. லாம்ப்டா கோவைகள் இரண்டைக் கொடுத்தால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் முறை இல்லை என்று 1936-இல் சர்ச் நிறுவினார். கோல்ஃப் போட்டியின் நடுவர் தேர்ந்தெடுத்த உள்ளீடுகளைக் கொண்டு விடைகளைச் சோதிப்பதற்கும், விகடகவி அச்சோதனையில் இல்லாவிட்டால் பிழை வெளிவராமல் போவதற்கும் காரணம் இதுவே. குறிப்பிட்ட ஒரு சிறு நிரலுக்கு, அதைவிடச் சிறியவை அனைத்தையும் ஆராய்ந்து முடிவு கூற இயலலாம். எல்லாவற்றுக்கும் செல்லும் விதி இயலாது. வெற்றி பெற்ற விடை என்பது இதுவரை கண்டவற்றுள் குறுகியது என்ற அளவிலேயே நிற்கிறது.

9. பயிற்சியாகக் கோல்ஃப்

தொழில்முறை நிரலாக்கம் கோல்ஃபின் பல வழக்கங்களை விலக்குகிறது. பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான ‘பெப் 8’, லாம்ப்டாவுக்குப் பெயரிடுவதைத் தவிர்த்து வழக்கமான வரையறையையே பயன்படுத்தச் சொல்கிறது. பிழை நேரும்போது பொறி அச்சிடும் அறிக்கையில் செயற்கூற்றின் பெயர் வர வேண்டிய இடத்தில் லாம்ப்டா என்ற பொதுச்சொல் மட்டுமே வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பத்து லாம்ப்டாக்கள் உள்ள நிரலில் எது தவறியது என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது. சிறுசேரியின் அலுவலகங்களில் பல ஆண்டுகள் பலர் கைமாறிப் பராமரிக்கப்படும் நிரல்களில் பெயருக்குச் செலவாகும் எழுத்துகள், பின்னால் வருபவரின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. 2002 முதல் உலகக் கணினி ஒலிம்பியாடில் பங்கேற்று வரும் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகளும் விடையின் சரித்தன்மை, வேகம், நினைவகம் ஆகியவற்றையே அளக்கின்றன, நீளத்தை அளப்பதில்லை.

ஆயினும் கற்பிப்பவருக்குக் கோல்ஃப் தரும் பயன் சிறிதன்று. மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஒரு செயற்கூற்றை முதலில் பெயரிட்டு முழுமையாக எழுதி, பின்பு லாம்ப்டாவாக்கி, பின்பு ஒவ்வோர் எழுத்தாக நீக்கும்போது, நீக்கிய ஒவ்வொன்றுக்கும் ‘இது இல்லாமல் பொறி எப்படி அறிந்தது?’ என்று விடை சொல்லும்படி செய்தால், கோவைக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு, தருக்க மதிப்பின் எண்ணியல்பு, கரியிங், குறியேற்றம் ஆகிய நான்கையும் அவர் தம் கையாலேயே தொட்டறிவார். விடை சொல்ல முடியாத இடத்தில் நீக்கிய எழுத்தைத் திரும்ப வைப்பதும் அப்பயிற்சியின் பகுதியே. சோதனை உள்ளீடுகளில் தமிழ்ச் சொற்களையும் சேர்த்துவிட்டால், பிறமொழிப் பாடநூல்கள் எழுப்பாத கேள்விகளும் அவ்வகுப்பறையில் எழும். குறுகிய நிரலைப் பாராட்டும் முன் அது எதை நம்பி நிற்கிறது என்று கேட்கப் பழகிய மாணவர், பிற்காலத்தில் நீண்ட நிரல்களையும் அதே கேள்வியோடு படிப்பார். லாம்ப்டாவைக் கற்பிப்பதன் முதன்மைப் பயனாக இதையே கொள்ள வேண்டும்.